கட்டுவதற்கு முன் நிலத்தைப் படிக்கிறவர்

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் ஏ4 வீதியில் திருக்கோவிலைத் தாண்டினால் வீடுகளின் நெருக்கம் குறைந்து வெளி திறந்துகொள்ளும். அந்த வழியில்தான் கோமாரி இருக்கிறது. கிழக்கே கடலும் மணல்மேடும், ஊருக்குள் தென்னையும் மரமுந்திரிகையும், பக்கத்தில் களப்பு, மேற்கே வயல், அதற்கப்பால் யானை நடமாடும் காடு. இலங்கையின் கிழக்கு எல்லையான சங்கமன்கண்டி முனையும் இங்கிருந்து அதிக தூரமில்லை.

இந்த ஊரின் முகத்தை வருகிற ஆண்டுகளில் யாரெல்லாம் மாற்றப்போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீதி அகலிக்கும் பொறியியலாளர் வருவார். அறுகம்பேயில் இடம் நெருக்கமாகிவிட்டதால் வடக்கே காணி தேடும் விடுதிக்காரர் வருவார். பிரதேச சபை வடிகான் போடும். மீனவர் சங்கம் இறங்குதுறை கேட்கும். ஒரு தொண்டு நிறுவனம் கண்டல் கன்று நட வரும். ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகவே செய்யக்கூடும். ஆனால் எல்லாருடைய வேலையும் ஒரே மண்ணில், ஒரே தண்ணீர் ஓடும் தடத்தில் நடக்கிறது. ஒருவர் போடும் வடிகான் அடுத்தவர் நட்ட கன்றை மூழ்கடிக்குமா, விடுதியின் மதில் ஊர்க் கிணற்றை உவராக்குமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கென்றே படித்துப் பயின்ற தொழில்துறையினர் உலகெங்கும் இருக்கிறார்கள். லாண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர் என்று அவர்களைச் சொல்கிறோம்.

இந்தத் தொழில் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது ஹோட்டல் முற்றத்துப் புல்தரையும் பூச்சட்டியும்தான். கட்டடம் எழும்பி, பூச்சுவேலை முடிந்து, திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகு ‘லாண்ட்ஸ்கேப்புக்கு’ ஆள் தேடுவார்கள். மிச்சமிருக்கும் காசில் நாலு ஈச்சமரம் நடப்படும். அந்த நேரத்தில் அழைக்கப்படுகிறவருக்கு உண்மையில் செய்ய எதுவும் இருக்காது. காணியை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்வாக விடுவது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போவது, எந்த மரத்தைக் கட்டாயம் காப்பாற்றுவது ஆகிய முடிவுகளெல்லாம் முதல் டிப்பர் கிரவல் கொட்டிய அன்றே எடுக்கப்பட்டுவிட்டன. அவருடைய வேலை அந்த முடிவுகளைப் பற்றியது.

அவர் தயாரிக்கும் வரைபடங்களில் முதலாவது மட்டப்படம். காணியின் ஒவ்வொரு புள்ளியும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், வேலை முடிந்தபின் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைக் காட்டுவது. அடுத்தது நீர்ப்படம்: மழை எங்கே விழுந்து, எங்கே தங்கி, எங்கே ஊறி, மிஞ்சியது எப்படி வெளியேறும். பிறகு மண்ணும் மரமும்: எந்த இடத்தில் எந்த இனம், எவ்வளவு இடைவெளி, முதல் இரண்டு வருடம் யார் தண்ணீர் ஊற்றுவது, மாடு நுழையாமல் வேலி எங்கே. அதன்பிறகே நடைபாதை, இருக்கை, விளக்கு. கோமாரி போன்ற கரையோரத்தில் மட்டப்படத்தில் அரை மீற்றர் பிழை என்பது ஒரு வீடு வெள்ளத்தில் நிற்பதா, தப்புவதா என்ற வித்தியாசம்.

இந்தத் தொழிலுக்கும் கரையோரத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல ஒரு பெயர் போதும்: இயன் மக்ஹார்க். ஸ்கொட்லாந்தில் பிறந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இத்துறையைக் கற்பித்தவர். 1962 மார்ச்சில் ஒரு பெரும் புயல் நியூ ஜெர்சி மாநிலக் கரையைத் தாக்கியது. மணல்மேடுகளைத் தட்டையாக்கிக் கட்டிய வீடுகள் வரிசையாகப் போயின. 1969இல் வந்த அவருடைய ‘டிசைன் வித் நேச்சர்’ நூலில் இந்தக் கரைக்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. கடலிலிருந்து உள்நோக்கி நடந்து, ஒவ்வொரு அடியிலும் நிலம் எதைத் தாங்கும் என்று அவர் கேட்டார். கடற்கரையில் குளிக்கலாம், விளையாடலாம், நடக்கலாம், கட்டக் கூடாது. முதல் மணல்மேட்டை யாரும் தொடவே கூடாது. கடப்பதென்றால் கால் படாமல் மேலால் பலகைப் பாலம் போட்டுக் கடக்க வேண்டும். அதற்குப் பின்னுள்ள பள்ளத்தில் அளவோடு சிலவற்றைச் செய்யலாம். இரண்டாம் மேட்டையும் கை வைக்காமல் விட வேண்டும். அதற்கும் பின்னால் உள்ள நிலமே வீடு கட்ட ஏற்றது. களப்பின் சேற்றுக் கரையை நிரப்பக் கூடாது.

இதே கண்ணோடு கோமாரிக் கரைக்கு வருவோம்.

மணல்மேட்டின் கடல் முகத்தில் குனிந்து பார்த்தால் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும். வாடைக் காற்று அள்ளிவரும் மணல் அந்தக் கொடியில் தடைப்பட்டு அங்கேயே விழும். கொடி புதைந்தாலும் சாகாது. புதிய கணுவிலிருந்து மேலே எழும்பும், அதன்மேல் மறுபடி மணல் சேரும். இராவணன் மீசைப் புல்லும் இப்படித்தான். மேடு உயர்வது இந்த இரண்டின் உழைப்பால். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்தக் கரையில் அப்படியே உண்மை. ஆனால் இவை மிதிபட்டால் தாங்காது. உழவு இயந்திரம் ஒரே தடத்தில் சில நாள் ஏறி இறங்கினால் கொடி அறுந்து, மணல் வெறுமையாகி, காற்று அந்த இடத்தைத் தோண்டிக்கொண்டே போகும். கொந்தளிக்கும் கடல் உள்ளே வரத் தேடுவது அந்த வாசலைத்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பாதிக்கப்பட்ட ஊர்களில் கோமாரியும் ஒன்று. நமக்குத் தெற்கே, யால பக்கத்தில், கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மணல்மேட்டின் ஒரு பகுதியை வெட்டியிருந்த ஒரு விடுதி அன்று முற்றாக அழிந்ததை, பிறகு வந்து ஆராய்ந்த விஞ்ஞானிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். சுனாமி காலநிலை மாற்றத்தால் வருவதன்று. ஆனால் புயல் அலையும் ஏறிவரும் கடல் மட்டமும் உள்ளே வருவது அதே வழியால்தான். 1901இலிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. அந்த வேகமும் கூடிக்கொண்டே வருகிறது.

மேடு அலையை மட்டும் மறிப்பதில்லை. ஊருக்குக் குடிதண்ணீர் தருவதும் அதுவே. மழைநீர் மணலில் இறங்கி, கீழே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, உவர்நீர் பாரமானது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கலாம் என்பது நிலத்தடி நீர் அறிந்தவர்களின் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மணலை அள்ளியோ, முற்றம் முழுவதும் சீமெந்து பூசியோ, பெரிய மோட்டார் வைத்து இறைத்தோ அந்த மட்டத்தை 10 சென்ரிமீற்றர் இறக்கினால், கீழிருந்து உவர் 4 மீற்றர் அளவுக்கு மேலே ஏற இடம் கிடைக்கிறது. பக்கத்து வளவுக் கிணறு திடீரென்று உப்புக் கரிக்கத் தொடங்குவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. மணல் அகழ்வைக் கடலரிப்போடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். கிணற்றோடும் சேர்த்துப் பேச வேண்டும்.

சிதைந்த மேட்டைத் திருப்பி எழுப்பக் கருங்கல் தேவையில்லை. பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள வேலி ஒன்றைக் காற்றுக்குக் குறுக்கே நட்டால் காற்றின் வேகம் தணிந்து மணல் வேலியடியில் விழும். முழுக்க அடைத்த வேலி அவ்வளவு பயன் தராது. காற்று சுழன்று அடியைத் தோண்டிவிடும். கிடுகையும் பனையோலையையும் இடைவெளி விட்டுக் கட்ட நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலியடியில் மணல் சேர்ந்ததும் அடம்பன் தண்டை வெட்டி ஊன்றலாம், அதன் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் புன்னையும் பூவரசும். எந்த இடத்தில் வேலி, எந்த மாதத்தில் ஊன்றுவது, ஆட்கள் கடலுக்குப் போக வழி எங்கே என்று வரைந்து தருவது வடிவமைப்பாளரின் வேலை. சுனாமிக்குப் பிறகு பல கரைகளில் செய்ததுபோல் எல்லா இடத்திலும் சவுக்கு வரிசை நட்டுவிட்டுப் போவதை நான் ஒப்ப மாட்டேன். சவுக்கின் சருகு மெத்தைபோல் படிந்து, அடியில் கொடியையும் புல்லையும் வளர விடாது. மேட்டைக் கட்டுவது அந்தக் கொடிதான்.

சுனாமிக்குப் பின் அரசாங்கம் ஓர் இடைவலயம் அறிவித்தது நினைவிருக்கும்: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக் கூடாது. சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும், கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டி வாழும் மக்கள் 200 மீற்றர் பின்னால் போவதென்றால் எங்கே போவது? அடுத்த வருடமே அந்த விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நோக்கம் நல்லது, நாடாவால் அளந்த கோடு நிலத்தை அறியாதது. உயர்ந்த மணல்மேடு உள்ள இடத்தில் 100 மீற்றர் உள்ளே இருப்பவர் பத்திரமாக இருக்கலாம். களப்பின் வாய்க்கு நேரே இருப்பவருக்கு 400 மீற்றரும் போதாமலிருக்கலாம். ஒவ்வொரு முந்நூறு நானூறு மீற்றருக்கும் நிலத்தை வெட்டுமுகமாக வரைந்து, கோட்டை வளைத்து வளைத்துப் போட்டிருந்தால் மக்கள் அதை நம்பியிருப்பார்கள். இந்தத் தொழில்துறை அன்று மேசையில் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

இனி களப்பு. மாரி மழை தொடங்கியதும் களப்பு நிரம்பும். வாயை மணல் அடைத்திருக்கும். தாழ்ந்த வயலில் தண்ணீர் ஏறியதும் விவசாயிகள் முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்வார்கள். மீனவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். நேரம் தவறி வெட்டினால் தண்ணீர் முழுவதும் இழுபட்டு மீனும் இறாலும் கடலோடு போய்விடும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை இந்த வழக்கு வருடா வருடம் நடக்கிறது. இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் களப்பைச் சுற்றியுள்ள தாழ்நிலம் வெறுமையாக விடப்பட்டிருந்தால், தண்ணீர் அங்கே பரவி நின்று நாலைந்து நாள் அவகாசம் தரும். அவசரமாக வெட்ட வேண்டிய நெருக்கடியே குறையும். அந்தத் தாழ்நிலத்தை நிரப்பி வீடு கட்டிவிட்டால் அவகாசம் போய்விடும், சண்டை கூடும்.

இதே களப்போரத்தில்தான் கண்டல் நடுகிறார்கள். நல்ல மனதோடு செய்யப்படும் இந்த வேலையில் இலங்கைக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. சுனாமிக்குப் பிறகு நாட்டில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை கண்டல் நடப்பட்டது. 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, தேறியது ஏறத்தாழ 200 ஹெக்டேயர்தான் என்றது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பணமோ ஆளோ குறைந்ததால் வந்த தோல்வி என்று இதைச் சொல்ல முடியாது. தவறான மட்டத்தில், தவறான இனத்தை நட்டார்கள், பிறகு பார்க்க யாரும் வரவில்லை, மாடு மேய்ந்தது. நம் கடலில் ஏற்றவற்றம் மிகச் சிறியது, பெரும்பாலும் முக்கால் மீற்றருக்குள். ஆகவே கன்று உயிர்பிழைக்கும் பட்டையும் ஒடுக்கமானது. அதிலும் வாய் அடைபட்ட களப்பில் தண்ணீர் வாரக்கணக்கில் ஏறி நிற்கும். கண்டல் எங்கே, கண்ணா எங்கே, தில்லை எங்கே என்று அளந்து நடாவிட்டால் கன்று மூச்சுமுட்டிச் சாகும். பல இடங்களில் நடவே தேவையில்லை: அடைபட்ட ஓடையைத் திறந்து மாட்டைத் தடுத்தால் விதை தானாக வந்து முளைக்கும். பொத்துவில் களப்பில் மீனவர்கள் தோணியில் ஏற்றிக் காட்டும் கண்டல் காட்டைப் பார்த்தவர்களுக்கு, இயற்கை தானாக வைத்த வரிசை எப்படியிருக்கும் என்று தெரியும். இதைக் காப்பதில் காலநிலைக்கும் லாபம். கண்டல் நிலத்தின் சேறு, அதே பரப்புள்ள தரைக்காட்டைவிடப் பல மடங்கு கரிமத்தைப் புதைத்து வைத்திருக்கும்.

கோமாரியில் இவ்வளவும் இன்னும் செய்யக்கூடிய நிலையில் இருக்கின்றன. வடக்கே போகப் போக இடம் சுருங்குகிறது. சாய்ந்தமருதுத் தோணாவை அறியாதவர் இந்தப் பகுதியில் இருக்க மாட்டார். ஊர் வெள்ளமும் வயல் வெள்ளமும் கடலுக்குப் போகும் இயற்கையான ஓடை அது. சல்பீனியாவும் குப்பையும் அடைத்துக்கொண்டு, கரைகள் ஒடுங்கி, மாரி வந்தால் மட்டும் அனைவருக்கும் நினைவு வரும். துப்புரவு செய்வார்கள், மறு வருடம் மறுபடி அடைக்கும். அதை வெறும் வடிகானாகப் பார்க்கும்வரை இப்படியே நடக்கும். ஓரத்தில் நடைபாதையும் நிழலும் வந்து, வீடுகளின் முகப்பு அதன் பக்கம் திரும்பினால், குப்பை போட மக்களுக்கே கை கூசும்.

ஒரு கணக்கு. 20 பேர்ச் வளவு என்பது ஏறத்தாழ 500 சதுர மீற்றர். அதில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுவது 50,000 லீற்றர், 5,000 லீற்றர் பவுசர் பத்து. நம் மாரியில் ஒரே நாளில் அவ்வளவு பெய்வது புதுமையில்லை. முன்பு வளவு மணலாக இருந்தது. பெரும்பகுதி அங்கேயே இறங்கியது. இப்போது கூரை, சீமெந்து முற்றம், கொங்கிறீற் ஒழுங்கை. பத்துப் பவுசரும் வீதிக்கு வருகிறது. எல்லா வளவிலிருந்தும் ஒரே நேரத்தில் வருகிறது. வடிகானை இன்னும் பெரிதாகக் கட்டு என்பது ஒரு பதில். வளவின் கால்வாசியையாவது மணலாக விடு, கூரைத் தண்ணீரைக் குழியில் இறக்கு, ஒழுங்கைக்கு இடைவெளிக் கல் பதி என்பது மற்றப் பதில். இரண்டாவது மலிவானது, கிணற்றுக்கும் நல்லது, சீமெந்தும் குறையும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சீமெந்து உற்பத்தியின் பங்கு 7, 8 வீதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

2024 நவம்பர் 26. நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஏறியிருந்த உழவு இயந்திரம், காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் இழுபட்டது. அந்த ஜனாஸாக்களை இந்தக் கரை இலகுவில் மறக்காது. வயல்வெளிக்கு நடுவே, வெள்ளம் வழக்கமாகக் கடக்கும் தாழ்நிலத்தில் போகும் வீதி அது. தண்ணீருக்கு எங்கே வழி, மனிதருக்கு எங்கே வழி என்பதை ஒரே படத்தில் வைத்து முடிவெடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட வேறு எதைச் சொல்ல?

ஒலுவில் துறைமுகத்தையும் சொல்லாமல் விட முடியாது. நம் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் அந்த ஓட்டத்தை மறித்தன. வாசலை மணல் அடைத்தது. வடக்குப் பக்கம் மணல் கிடைக்காமல் கரை அரிபட்டது. ஒலுவிலில் தென்னந்தோட்டங்கள் கடலுக்குப் போயின, அரிப்பு நிந்தவூர்ப் பக்கமும் நகர்ந்தது. பிறகு அரிக்கும் இடத்தில் கல் போட்டால், அதற்கு அடுத்த இடம் அரிக்கும். கோமாரிக்கு நாளை ஓர் இறங்குதுறை வருமானால், மீனவருக்கு அது தேவையானதே. ஆனால் மணலின் வழியை முதலில் வரைந்து பார்க்காமல் ஒரு கல்லும் இறங்கக் கூடாது.

சரியாகச் செய்த இடங்களும் உண்டு. 2010 மே வெள்ளத்தில் பாராளுமன்ற வளாகமே மூழ்கியபின், கொழும்பு தன் ஈரநிலங்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது. சேற்றை நிரப்பிக் காணியாக்குவதையே பெருமையாக எண்ணிய காலம் மாறி, பெத்தகானவிலும் தலவத்துகொட தியசருவிலும் ஈரநிலப் பூங்காக்கள் வந்தன. பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அவை பூங்கா, நகரத்துக்கு அவை வெள்ளக் கிடங்கு. 2018இல் ராம்சார் அமைப்பு முதன்முதலாக அங்கீகரித்த 18 ஈரநில நகரங்களில் கொழும்பும் ஒன்று. சிங்கப்பூரில் பீஷான் அங் மோ கியோ பூங்காவின் ஓரம் ஓடிய 2.7 கிலோமீற்றர் கொங்கிறீற் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழையில்லாத நாளில் பிள்ளைகள் அந்தக் கரையில் மீன் பார்க்கிறார்கள். பெருமழையில் ஆறு பூங்காவுக்குள் பரவுகிறது, மக்கள் மேலே ஏறிக்கொள்கிறார்கள்.

சீனாவின் யு கொங்ஜியான் இந்த எண்ணத்தை நகரங்களின் அளவுக்குக் கொண்டுபோனார். தண்ணீரை விரட்டாமல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ‘ஸ்பொஞ்ச் நகரம்’ என்ற கருத்தை அவர் வருடக்கணக்காக மேயர்களிடம் சொல்லிவந்தார். 2015இல் சீன அரசு 16 நகரங்களில் அதைத் தொடங்கியது. 2025 செப்டெம்பரில் பிரேசிலின் ஈரநிலம் ஒன்றில் ஆவணப்படம் எடுக்கப் போனபோது விமான விபத்தில் இறந்துபோனார். அவருடைய வழி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லமாட்டேன். 2021 ஜூலையில் செங்சோ நகரில் ஒரே மணித்தியாலத்தில் 201.9 மில்லிமீற்றர் கொட்டியது. அங்கும் இத்திட்ட வேலைகள் நடந்திருந்தன, ஆனாலும் நகரம் மூழ்கியது. நிலத்துக்கும் தாங்கும் எல்லை உண்டு. எல்லை எது என்று அறிந்து வைப்பதும் இந்தத் தொழிலின் பாதி வேலை.

நம் நாட்டுக்கு இது இறக்குமதிச் சிந்தனை என்று யாரும் எண்ண வேண்டாம். வறண்ட வலயத்தின் தொடர்குளங்களைப் பாருங்கள். மேற்குளத்தின் மிகுதி கீழ்க்குளத்துக்கு வரும். குளத்தின் மேல்விளிம்பில் காற்றைத் தணிக்க மரவரிசை. அணைக்கட்டுக்கும் வயலுக்கும் நடுவே உப்பை உறிஞ்சும் செடிப்பட்டை. 2017இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் இதை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. கையெழுத்தில்லாத நில வடிவமைப்பாளர்கள் செய்த வேலை அது.

இன்று இதற்கு ஒழுங்கான படிப்பு இருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் நான்கு வருட இளமாணிப் பட்டம். உயர்தரத்துக்குப் பிறகு உளச்சார்புப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். இத்துறையினருக்குத் தனி நிறுவகமும் உண்டு. சர்வதேச தொழில் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் இதற்கு 2162 என்ற தனி எண் இருக்கிறது. 1948இல் உருவான இவர்களுடைய சர்வதேசச் சம்மேளனம், 77 நாடுகளின் 70,000 பேர் சார்பில் 2021இல் ஒரு காலநிலை உறுதிமொழி எடுத்தது. வைத்தியமும் பொறியியலும் தவிர வேறு வழி தெரியாமல் உயர்தரப் பெறுபேற்றோடு நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இப்படியொரு கதவு இருப்பதைப் பாடசாலைகள் சொல்வதேயில்லை. தமிழ் பேசும் இக்கரையோரத்துக்குத் தோணா என்றால் என்ன, முகத்துவாரம் எப்போது வெட்டுவார்கள், கச்சான் காற்று எந்த மரத்தைச் சாய்க்கும் என்று பிறந்ததிலிருந்தே தெரிந்த வடிவமைப்பாளர்கள் தேவை. கொழும்பிலிருந்து வருபவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே ஒரு மாரி போய்விடும்.

அதுவரை கோமாரியில் இருப்பவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இலிருந்து இருக்கிறது. கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரையும், கடலோடு தொடர்புள்ள களப்பென்றால் அதன் வாயிலிருந்து 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு எந்தத் திட்டம் வந்தாலும், பள்ளிவாசல் நிர்வாகமோ கோயில் நிர்வாகமோ மீனவர் சங்கமோ விவசாயச் சங்கமோ மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: மட்டப்படம், நீர்ப்படம், எந்த மரம் நிற்கும் எது போகும் என்ற படம். படம் இல்லையென்றால் வரைந்து வந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். மொரட்டுவை மாணவர்களை ஒரு மாரியும் ஒரு கோடையும் இங்கே தங்கிக் கரையை அளக்க அழைக்கும்படி பொத்துவில் பிரதேச சபையிடம் எழுதிக் கேளுங்கள். அந்த அளவுப் படம் ஒன்று கையில் இருந்தால், அடுத்துவரும் ஒவ்வொரு திட்டத்தையும் அதன்மேல் வைத்துப் பார்த்து ஆம், இல்லை என்று ஊரே சொல்ல முடியும். முதல் டிப்பர் கிரவல் விழுவதற்கு முன் அது முடிய வேண்டும்.